வலப்பக்கக் கதிரை

"மன்னார்," என்றார் ஃபாஸில் ஹாஜியார்.

மகாவலி கங்கை எங்கே கடலில் கலக்கிறது என்பது கேள்வி. அதே கங்கையின் கரையில், கம்பளையில், நாற்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்துபவரின் விடை அது.

மஹ்மூத் மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார். தன் கடைக்குப் பின்னால் ஓடும் ஆறு திருகோணமலைப் பக்கம் போகிறதா, மன்னார்ப் பக்கம் போகிறதா என்று நாற்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் கேட்டறியாத மனிதர்!

ஹாஜியாரின் வலப்பக்கக் கதிரையில் அவருடைய மனைவி சித்தி றலியா இருந்தார். அவர் கையில் கேள்வி அட்டை; மேற்பாதியில் கேள்வி, அடியில் விடை. விடையின்மேல் அந்த அம்மையாரின் பெருவிரல் அழுத்தமாகப் படிந்திருந்தது.

"சரி," என்றார் அவர்.

ஹாஜியார் தம் காயை நான்கு கட்டம் நகர்த்தினார். சற்று முன்னர் சிலந்திக்கு ஆறு கால்கள் என்று அவர் சொன்னதும் இப்படித்தான் சரியாயிற்று.

மாஸ்டரால் வாய் திறக்க இயலவில்லை. விளையாட்டு அவருடையது, விதியும் அவருடையது. ஆட்டக்காரரின் வலப்பக்கம் இருப்பவரே அட்டையை வாசிப்பார்; அவர் சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை. விடையைப் பார்க்க எல்லாரும் அட்டையின்மேல் பாய்வது ஒழுங்கீனம் என்று அவரே விதித்திருந்தார்.

ஓய்வுபெற்ற வாரத்தில் புத்தகக் கண்காட்சியொன்றில் வாங்கிய பொது அறிவுப் பலகை அது. மகள் றுமைஸாவைப் பெண்கேட்டு அலவத்துகொடையிலுள்ள தம் வீட்டுக்கு எவர் வந்தாலும், தேநீர் குடித்து முடித்ததும் அதை விரித்துவிடுவார். ஒரு குடும்பத்தின் தரத்தை நகையும் காணியும் காட்டமாட்டா, நாற்பது கேள்விகள் காட்டிவிடும் என்பது அவருடைய துணிபு.

சந்திரன் தானே ஒளிவிடுகிறது என்று சாதித்த துணிக்கடை முதலாளி அவ்வாறுதான் திரும்பிப் போனார். தோற்கும் தறுவாயில் பலகையைக் குலைத்த சட்டத்தரணியும் போனார்.

றுமைஸாவுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. ஹாஜியாரின் மகனோடு இரண்டு முறை தொலைபேசியில் பேசிய பின், தனக்கு விருப்பம் என்று உம்மாவிடம் சொல்லியிருந்தாள். இதற்கு முன் எவரைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

"மகன் கன்பராவுல வேலையில ஈக்கிறான் சேர். கந்தோர் பாராளுமன்றத்துக்குக் கிட்டத்தான்," என்றார் ஹாஜியார், வந்ததிலிருந்து மூன்றாம் முறையாக.

மாஸ்டர் கேட்கவில்லை. வியாபாரிகளின் பெருமைப் பேச்சைக் காதில் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"நான் தோத்தா மாப்பிள்ளையத் தாரேன், நீங்க தோத்தா பொண்ணத் தாங்க!" என்று ஹாஜியார் தொடையில் தட்டிச் சிரித்தார். சித்தி றலியாவும் சிரித்தார். கணவர் சிரித்தால் தாமும் சிரிக்கின்ற, கணவர் பிழையாகச் சொன்னால் சரியென்கின்ற பெண்மணி.

மாஸ்டரின் உள்ளம் கொதித்தது. அறியாமையைக்கூட மன்னிக்கலாம், அறியாமைக்கு முட்டுக்கொடுக்கும் வீட்டை எப்படி மன்னிப்பது? பிழையைப் பிழை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் றுமைஸா. இவர்கள் வீட்டில் ஒரு வாரம் தாங்குவாளா?

ஆட்டம் முடிந்ததும் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவர் மனத்துள் அமைத்துக்கொண்டார். 'எங்கள் வீட்டு வளர்ப்பு வேறு, உங்கள் வீட்டு வழக்கம் வேறு. ஆகையால் இச்சம்பந்தம் பொருந்தாது.' எழுவாய் பயனிலை பிசகாத, மறுபேச்சுக்கு இடமில்லாத வாக்கியம்.

இப்போது அவருடைய முறை. தாயக்கட்டையை உருட்டினார்.

அவருடைய வலப்பக்கக் கதிரை றுமைஸாவுடையது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், கண்ணில் படலம் விழும்வரை, அதில் அவள் உம்மா ரபீகா இருந்து வாசித்தாள். பதினோராண்டுகளில் இந்த வீட்டில் மாஸ்டர் ஒருமுறையும் தோற்றதில்லை.

றுமைஸா அட்டையை எடுத்தாள். வாசிக்குமுன் கொஞ்சம் தயங்கினாள்.

"அவுஸ்திரேலியாவின் தலைநகரம் எது?"

"சிட்னி," என்றார் மாஸ்டர், சட்டையில் விழுந்த வெண்கட்டித் தூளைத் தட்டிவிடுவதுபோல.

ஹாஜியாரின் வாய் திறந்தது. மேசைக்கடியில் சித்தி றலியாவின் கால் அசைந்தது. ஹாஜியாரின் வாய் மூடிக்கொண்டது.

"சரி, வாப்பா," என்றாள் றுமைஸா.

காயை நகர்த்தக் கை நீட்டிய மாஸ்டரின் கண், மகளின் கையில் இருந்த அட்டையில் தற்செயலாக விழுந்தது.

அட்டையின் அடியில், விடையின்மேல், அவளுடைய பெருவிரல் அழுத்தமாகப் படிந்திருந்தது.

அதைச் சித்தி றலியாவும் பார்த்தார். பிறகு றுமைஸாவின் முகத்தைப் பார்த்தார். றுமைஸா தலை குனிந்தாள். அந்த அம்மையார் எழுந்து வந்து, தம் கையிலிருந்த வளையலொன்றைக் கழற்றி, றுமைஸாவின் பெருவிரலை மெல்ல விலக்கி அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தக் கையில் வளையலைப் பூட்டினார்.

"பிள்ளைய எங்களுக்குப் புடிச்சிட்டு, சேர். எங்கட வீட்டுக்கெண்டே வளத்த மாதிரி ஈக்கி."

மாஸ்டர் நிமிர்ந்தார். அடுக்களை வாசலில் ரபீகா இரண்டாம் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டின் விளிம்பில் அவளுடைய பெருவிரலும் அழுத்தமாகப் படிந்திருந்தது. அட்டையையும் அவள் அப்படித்தான் பிடிப்பாள், வாசித்த ஆறு ஆண்டுகளும். அட்டையைப் பிடிக்கும் முறையே அதுவென்று அவர் எண்ணியிருந்தார்.

கவிழ்ந்து கிடந்த அட்டை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் புரட்டிப் பார்த்துவிடலாம்.

"என்ன சேர் சொல்றீங்க?" என்றார் ஹாஜியார்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். றுமைஸா மட்டும் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் தம் காயை நான்கு கட்டம் நகர்த்தினார்.

"சரி," என்றார்.