கரடியின் சம்மதம்

“கரடி வேஷம் போடுறது பார்க்குல. வீட்லயும் எதுக்கு வாயத் திறக்காம உட்காந்திருக்கீங்க?”

அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் லேசாகத் திறந்தது. இந்தத் தெருவில் காற்று அடிக்காமலே ஜன்னல்கள் திறக்கும்.

“பேச என்ன இருக்கு? அந்த மிஷின்காரன் வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டேன்” என்றார் அப்பா, சாப்பாட்டு டப்பாவை மூடியபடி.

“அவருக்குப் பேர் இருக்குப்பா” என்றாள் மகள்.

“இருந்துட்டுப் போகட்டும். உங்கம்மா உட்காந்திருந்த இடத்துல மிஷின நட்டவன். அவன் எனக்கு மருமகனா?”

“வேலை போன நானே அந்தப் பையனை மன்னிச்சிட்டேன். உங்களுக்கு என்னங்க வந்துச்சு?”

டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா எப்போதும்போலக் கிளம்பிவிட்டார்.

ஊர்க்கோடியில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் அவர்தான் கரடி. பழைய முதலாளி இருந்தவரை டிக்கெட் கவுன்டரில் அம்மா. மத்தியானம் ஆனால் கவுன்டரிலிருந்து, “சாப்பிட வாங்க” என்று ஒரு குரல் வரும். கரடி தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும். பிள்ளைகள் ராட்டினத்தை விட்டுவிட்டு அதைத்தான் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

பழைய முதலாளியின் வாரிசுகள் பூங்காவைக் கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனிக்கு ஊருக்கு ஊர் பூங்கா. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, ஒரே கரடி. கரடி பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது, தெரிந்தவரைக் கண்டால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கம்பெனிக் கரடிக்குச் சொந்தபந்தம் கிடையாது.

கவுன்டருக்கு மிஷின் வந்தது. அதை மாட்ட வந்த பையன், கடைசி நாளன்று அம்மாவின் நாற்காலியை வீடு வரைக்கும் தானே தூக்கி வந்து கொடுத்தான். அப்புறம் நாற்காலி ஆடுகிறதா என்று பார்க்க வந்தான். ஆடாத நாற்காலியை எத்தனை தடவை பார்ப்பது? தெருவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது.

இப்போது அவனைத் தொலைதூர ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா சம்மதிக்காமல் அவனோடு போகமாட்டேன் என்று மகள் அழுதுகொண்டிருந்தாள்.

“அழாத. வீட்ல பேச்செடுத்தா எழுந்து போயிடுறாரு. பார்க்குல எப்படிப் போவாரு?” என்றாள் அம்மா. “வரிசையில ஆள் நின்னா கரடி நகரக் கூடாது. கம்பெனி சட்டம். வா.”

ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் சொல்லாமல் இரண்டு பேரும் போனார்கள். மிஷினில் எந்த இடத்தை அமுக்குவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மகள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். வாசலில், ராட்டினத்தில், ஐஸ்கிரீம் கடையில் எங்கேயும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் புது ஆட்கள், ஒரே சட்டை, ஒரே சிரிப்பு.

நீரூற்றுப் பக்கம் கரடி நின்றது. எப்போதும் கணுக்காலில் மடிந்து சுருண்டு கிடக்கும் கரடி உடையின் கால்கள் இன்று அளவெடுத்துத் தைத்ததுபோல நேராக இருந்தன. கம்பெனி வந்து உருப்படியாகச் செய்த ஒரே காரியம் தையல்காரனை வைத்ததுதான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

போட்டோ வரிசை நகர்ந்து மகளின் முறை வந்தது. அவள் கரடியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“நீங்க பேசக் கூடாதுன்னு தெரியும். கேட்டா மட்டும் போதும். அவர் நல்லவருப்பா. நீங்க வேண்டாம்னா நான் போகல, இங்கயே இருந்துடுறேன். சரின்னா என் தலையில கை வைங்க.”

கரடி அசையாமல் நின்றது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய கை மெதுவாக உயர்ந்து அவள் தலையில் இறங்கியது. போட்டோவுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இங்க சொல்ல முடியாதத அங்க சொல்லிட்டீங்கப்பா.”

“எது?”

“நடிக்காதீங்க” என்றாள் அம்மா, வெகு நாளைக்கப்புறம் சிரித்துக்கொண்டே. “நீரூத்துகிட்ட அவ தலையில கை வச்சு சரின்னு சொன்னீங்கல்ல? இனிமே பேச்சு மாறக் கூடாது.”

“நான்…” என்று ஆரம்பித்தார். அழுது சிவந்து, அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தார். “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்றார்.

அந்த மாதமே கல்யாணம் நடந்தது. கரடிக்கு இவ்வளவு சீக்கிரம் மனசு இளகிவிட்டதே என்று தெரு அதிசயப்பட்டது. மகள் புருஷனோடு தொலைதூர ஊருக்கு ரயிலேறினாள்.

ரயில் மறைந்த பிறகும் அப்பா பெஞ்சை விட்டு எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பிடிக்காமலே சம்மதிச்சீங்கன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா அன்னிக்கு நீங்க கை வச்சீங்களே, அந்தத் தைரியத்துலதான் போறா.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க.”