‘வீடு’ என்ற ஃபோல்டர்

“நூத்திநாப்பது லாரி நம்பரையும் தப்பில்லாம சொல்றாருங்க தம்பி. என்னையப் பாத்தா மட்டும், எந்த ஊருக்கு லோடு அனுப்போணும்னு கேக்கறாரு.”

நாமக்கல் லாரி ஆபீஸில் பூங்கோதை அக்கா என் முன்னால் நின்றிருந்தார். எங்கள் ஊழியர்களின் நினைவெல்லாம் ஆபீஸ் சர்வரில்தான் இருந்தது. வெள்ளத்தில் அது மூழ்கியதும், அக்காவின் கணவர், எங்கள் லோடு கிளார்க் நாச்சிமுத்துவை கிளவுட் நகலிலிருந்து மீட்டோம். அந்த நகலை ஏற்பாடு செய்தவன் நான். மெதுவாக ஏறுகிறதே என்று, ‘வீடு’ என்ற ஃபோல்டருக்கு மட்டும் டிக்கை எடுத்திருந்தேன். பிறகு போடலாம் என்று நினைத்து மறந்துபோனேன்.

இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுவரில் இருந்த லோடு பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரோட லிஸ்ட்டுல, கடைசியா போய்ச் சேர்ற எடம்னு எங்க வீட்டு அட்ரஸைப் போட்டு வெக்கறீங்களா தம்பி?”