நீலப் பிளாஸ்திரி

பத்தே நிமிடத்தில் நூடுல்ஸ் தயார். வெங்காயத்தாளும் சோயா சாஸும் மணக்க, மேலே இறாலைப் பரப்பி இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள் நாத்தனார். அண்ணி வேலை பார்க்கும் இறால் கம்பெனியில் இன்று உரித்தது; இன்றே அண்ணி வாங்கிவந்திருந்தாள்.

முதல் வாயிலேயே ஏதோ ரப்பர் மாதிரி நாத்தனாரின் பல்லில் இழுபட்டது. வெளியே எடுத்தாள். விரலில் சுற்றும் பிளாஸ்திரி. நீல நிறம். உள்பக்கம் பழுப்பாய் ரத்தக்கறை.

"உவ்வே!"

சிங்குக்கு ஓடினாள். கொப்பளிக்கக் கொப்பளிக்க நாக்கு கூசியது.

"எந்தப் பீடை அண்ணி இது? சீழ் புடிச்ச கையோட இறால் உரிக்க வந்திருக்கா! இவளெல்லாம் வீட்டுல எப்படித்தான் சோறு பொங்குவாளோ, கருமம்!"

அண்ணி தன் கிண்ணத்தை இடக்கையால் தள்ளி வைத்தாள்.

"நீங்கதானே அங்க சூப்பர்வைசர்? நாளைக்கே அவளைத் தேடிப் புடிச்சு, கழுத்தைப் புடிச்சு வெளியே தள்ளுங்க!"

"தேட வேண்டாம்" என்றாள் அண்ணி.

வந்ததிலிருந்து முந்தானைக்குள் வைத்திருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று மட்டும் வெளுத்து ஊறியிருந்தது. நடுவே கத்தி கீறிய காயம் வாயைப் பிளந்திருந்தது.

"சூப்பர்வைசர்னு உன் அண்ணன்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. நான் அங்க உரிக்கிறவ."