ஆளைப் படித்த பாடம்

"கிழிச்சுப் போடும்மா! இது பாடத் திட்டமா, மளிகைக் கடைச் சீட்டா?" என்றார் முருகானந்தம்.

தாமரைச்செல்வி கிழிக்கவில்லை. "எங்கே தப்புன்னு சொல்லுங்க சார், திருத்திக்கறேன்."

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்டு மொழியைச் சொல்லித்தரும் மையம் அது. அங்கே புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பாடம் திட்டமிடக் கற்றுக்கொடுக்க, முருகானந்தத்தைச் சேலத்திலிருந்து கொல்லிமலைக்கு வரவழைத்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி உயிர் போயிருந்தாலும் அவருடைய டை மட்டும் கலையவில்லை.

"அந்த மொழியில ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருத்தரை, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தன்னை அறிமுகப்படுத்திப் பேச வைக்கணுங்க. பேசினாத்தான் எனக்கு வேலைன்னு டைரக்டர் மேடம் சொல்லிட்டாங்க. இல்லீன்னா மறுபடியும் முள்ளுக்குறிச்சி துணிக்கடைதான்," என்றாள் புது ஆசிரியை தாமரைச்செல்வி.

"பாடத்தை எழுதறதுக்கு முன்னாடி ஆளைப் படிக்கணும்மா. ஆள் எப்படி?"

"அம்பதைத் தாண்டினவருங்க. புதுசா எதையும் கத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சு. தப்பாப் பேசினா நாலு பேர் சிரிப்பாங்களேன்னு பயம்."

முருகானந்தத்துக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. மிளகுக் கொடியையும் பலா மரத்தையும் தவிர வேறெதையும் அறியாத யாரோ ஒரு மலைவாசி. ஐயோ பாவம் என்று இரக்கப்பட்டார். இரக்கப்படுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

"அந்த மாதிரி ஆளுக்கு எழுத்து, இலக்கணம் எல்லாம் ஏறாது. மூணே வாக்கியம். நீ சொல்லு, அவனைத் திருப்பிச் சொல்ல வை. தலைவலிம்பான், வேலை கிடக்குதும்பான், நம்பாதே. கதவைச் சாத்திட்டு உட்கார வை. ஊர்க்கதை பேச மட்டும் விட்டுடாதே!"

அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். "இப்படியே செய்யட்டுங்களா சார்?"

"அப்படியே செய். தைரியமா செய். மரியாதை, தாட்சண்யம் எதுவும் பார்க்காதே. இருபது வருஷ அனுபவம் பேசுது!"

"சரிங்க சார்."

தாமரைச்செல்வி எழுந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள்.

"என்னம்மா, ஆள் வரதுக்குள்ள கதவைச் சாத்தறே?"

"ஆள் வந்தாச்சுங்க," என்று அவர் எதிரில் வந்து நின்றாள் அவள். "இந்த மையத்துலயே ஒரு எழுத்துகூடத் தெரியாதவர் நீங்க ஒருத்தர்தானுங்க. உட்காருங்க சார், ஆரம்பிக்கலாம்."