தனிக் கிண்ணம்

தன் டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் மட்டும் தனிக் கிண்ணத்தில் கிடப்பதைப் பார்த்ததும் ஃபீஃபிக்குச் சுருக்கென்றது.

மற்றவர்களுடையவை எல்லாம் வழக்கம்போல முற்றத்து நடுவே பெரிய பேசினில், எலுமிச்சையும் உப்பும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தன. பாண்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். யாருடையது யார் கையில் என்று பார்ப்பதே கிடையாது. சனிக்கிழமை சாவு ஊர்வலத்துக்குக் கிளம்பும்முன் எல்லார் எச்சிலும் ஒரே பேசினில் கழுவப்பட வேண்டும். அந்தப் பாண்டில் சேர்ந்தவன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்று அந்தப் பேசினில் ஃபீஃபிக்கு இடமில்லை.

"வாப்பா, வா. ஆஸ்பத்திரிச் சோறு நல்லா ஒத்துக்கிச்சு போல. கன்னமெல்லாம் உப்பியிருக்கு" என்றான் இரண்டாவது டிரம்பெட் ஜோஜோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எனக்கும் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வையேன்."

டிராம்போன்காரன் எஸ்ஸல் சிரிக்க ஆரம்பித்து, லொக்கு லொக்கென்று இருமினான்.

"என்னப் பாத்தா இருமல் வருதாக்கும்?"

"அட நீ வேற. மழை விட்டதுலேர்ந்து ஊருக்கே இருமல். என் வீட்ல பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் இதே கச்சேரிதான்."

ஃபீஃபி நம்பவில்லை. டிபி என்று படுத்துக் கிடந்தவன் முன்னால் இப்படி இருமிக் காட்டுவது எதற்கென்று தெரியாதா என்ன?

மருந்தை ஒருநாள் விடாமல் சாப்பிட்டு முடித்திருக்கிறான். 'இனி உன்னால் யாருக்கும் ஒட்டாது' என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்கு பஸ் ஏறினான். படுக்கையில் கிடந்த அத்தனை மாதமும் அவன் ஏங்கியது ஒன்றுக்குத்தான். இந்தக் கூட்டத்தோடு மறுபடி முன்வரிசையில் நின்று ஊதவேண்டும்.

பாண்டு மாஸ்டர் அக்குவா அடுப்பிலிருந்து கெட்டிலோடு வந்தார். பேசின் பக்கம் திரும்பாமல், கொதிக்கிற தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றினார்.

"மாஸ்டர், என்னோடது மட்டும் எதுக்குத் தனியா?"

"இருக்கட்டும்."

"அதான், எதுக்கு?"

"காலங்காத்தால வக்கீல் மாதிரி கேள்வி கேக்காத. அந்த வாசல் ஓரமாப் போய் உக்காரு. காத்து வரும்."

வாசல் ஓரம் ஒரு ஸ்டூல் தயாராகப் போட்டிருந்தது. எல்லோரையும் விட்டுத் தள்ளி.

"டாக்டர் சொன்னதச் சொன்னேனே மாஸ்டர். என்னால யாருக்கும் ஒட்டாது."

"சொன்னே. நானும் கேட்டுக்கிட்டேன்."

"கேட்டுக்கிட்டுமா இப்படி?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாகத் தேய்த்தார்கள். வாய் ஓயாத ஜோஜோகூடத் தன் கையிலிருந்ததையே தேய்த்துக்கொண்டிருந்தான். இதே ஜோஜோ ஒருமுறை ஊர்வலத்தின் நடுவில் மவுத்பீஸைத் தொலைத்துவிட்டு முழித்தபோது, ஃபீஃபி ஊதி முடித்த ஈரத்தோடு தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அவனும் துடைக்காமல் வாங்கி ஊதியிருக்கிறான்.

இனி இவர்களோடு நிற்பதைவிட, கடற்கரையில் வலை இழுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். போவதுதான் போகிறோம், இவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டே போவோம் என்று ஃபீஃபிக்குத் தோன்றியது.

கிண்ணத்தில் விரலை விட்டு, சுடச்சுட மவுத்பீஸை எடுத்தான். உதட்டில் அழுத்தி வைத்து 'பர்ர்'ரென்று ஊதினான். அந்த எச்சிலோடு அப்படியே பெரிய பேசினில் போட்டான்.

"ஐயோ, என்னடா பண்ணிட்டே" என்று பதறினான் ஜோஜோ. எஸ்ஸல் பாதி எழுந்தேவிட்டான்.

"பயமா இருக்குல்ல? எல்லாத்தையும் எடுத்துக் கொதிக்க வச்சுக் கழுவுங்க. நான் கெளம்பறேன்."

"நில்லுடா" என்றார் அக்குவா.

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பேசினுக்குள் துழாவினார். ஒன்றை எடுத்தார், தடவிப் பார்த்தார், திரும்பப் போட்டார். இன்னொன்றை எடுத்து, விளிம்பிலிருந்த பழைய நசுங்கலை விரலால் தேடினார். அது ஃபீஃபியுடையது. அதை மட்டும் எடுத்துவந்து கிண்ணத்தில் போட்டு, கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரையெல்லாம் அதன்மேல் ஊற்றினார்.

ஃபீஃபிக்கு ஒன்றும் புரியவில்லை. "அவங்களோடது?"

"அவனுங்களோடதுக்கு என்ன?" அக்குவா கெட்டிலை டொக்கென்று கீழே வைத்தார். "உன் வார்டு நர்ஸம்மாகிட்டப் போய்க் கெஞ்சிட்டு வந்திருக்கேன். 'நோய் போயிடுச்சு, ஆனா நெஞ்சு இன்னும் பலமில்ல. அடுத்தவங்க சளி ஒட்டிச்சுன்னா திரும்பப் படுத்துடுவாரு. ஒட்டாமப் பாத்துக்குவீங்கன்னா ஊதட்டும்'னு சொன்னாங்க. பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். நீ என்னடான்னா, இருமிக்கிட்டுக் கெடக்கிற தடியனுங்க எச்சில்ல கொண்டுபோய்ப் போடறே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொன்னா கேப்பியா நீ? நான் என்ன கைக்குழந்தையான்னு குதிப்பே."

ஃபீஃபி வாசல் ஓரத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டது. ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டது.

பேசினில் தண்ணீரை யாரும் மாற்றவே இல்லை. ஜோஜோ அதில் கையை விட்டுத் தன்னுடையதை எடுத்தான். துடைக்கக்கூட இல்லை. ஒரு உதறு உதறி, அப்படியே உதட்டில் வைத்து ஊத ஆரம்பித்தான்.