வாடகைப் பார்வை

சிக்கிமில் லாச்சுங் ஊரைச் சேர்ந்த லாமுவின் கண்கள் பகல் முழுவதும் வாடகைக்குப் போயிருந்தன. வாசலில் உட்கார்ந்து அவள் பார்க்கும் பனிமலையை, திருச்சியில் ஒருவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். தலையைத் திருப்பக்கூடாது என்பது ஒப்பந்தம். சிகரத்தில் வெயில் பட்டுப் பொன்னிறமானால், வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அவளுக்கு அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குள்ளிருந்து கணவன் நோர்பு கூப்பிட்டான். "லாமு, பாப்பா நடக்குறா. திரும்பிப் பாரேன்."

"டூட்டியில இருக்கேன். விழாம பார்த்துக்க."

"உன்கிட்டதான் வர்றா."

பிஞ்சுக் கைகள் அவள் முழங்காலைப் பற்றின. குழந்தை எதிரே வந்து நின்று சிரித்தது.

காதுக்குள் திருச்சிக்காரர் தயவாகச் சொன்னார். "குழந்தையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா. மலைய மறைக்குது."

லாமு குழந்தையை மெல்ல ஓரமாக நகர்த்தினாள். சின்னக் காலடிகள் அவள் முதுகுக்குப் பின்னால் தத்தித் தத்திப் போவது கேட்டது.