இந்தக் குளிருக்கு மட்டும்

வீட்டைச் சூடாக்கும் பொய்லரின் மூடியைக் கழற்றிச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்தான், திருத்த வந்த ரஜீவன். உள்ளே துருவும் கரியும்.

"திருத்தலாம் அண்ணை. ஆனா இந்தக் குளிரோட சரி. புதுசெண்டா பத்து வருசத்துக்குப் பயமில்லை."

வீட்டுக்காரர் குனிந்து துருவைப் பார்த்தார்.

வேறு எந்த வருசமாக இருந்தாலும் அவன் வாய் மூடுமுன்னே சொல்லியிருப்பார். திருத்திவிடும் தம்பி, அதுவே காணும்.

லண்டனில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரே பாட்டுத்தான். இன்னும் இரண்டு வருசம், பிறகு ஊரோடு போய்விடுவோம்.

போகிறவர்களுக்கு எதற்குப் புதுப் பொய்லர்?

எதற்குப் புது ஜன்னல், எதற்குப் புதுக் கம்பளம்?

ஊரில் யாரும் இல்லாத தன் வீட்டுக்குப் புது ஓடு போட்டார். வருசம் தவறாமல் வெள்ளையடிப்பித்தார். இங்கே ஜன்னல் இடுக்கால் காற்று வந்தது. மனைவி பழைய சேலையைக் கிழித்து அடைத்தாள்.

அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சோற்றுப் பானையில் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் கறிக்கு வெங்காயம் உரிப்பாள். சேலைக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேலே அவருடைய பழைய கோட்டு.

"பொய்லரை ஒருக்கா மாத்துவமே?" என்று ஒவ்வொரு மார்கழியும் கேட்டாள்.

நடையில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருக்கிறது. கூட்டிவிடுங்கோ என்பாள். அவர் எழுந்து போவார். "கூட்டியாச்சு" என்பார், கையை வைக்காமலே.

அவள் எட்டிச் சுவரோரம் சூடு தரும் ரேடியேற்றரைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒன்றும் சொல்லமாட்டாள்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள். இனி அவளுக்கு மருந்து கேட்காது. கோடையைக் காண்பது கஷ்டம்.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவள் பஸ் தரிப்பில் நின்று சொன்ன முதல் வார்த்தை, "நல்லாக் குளிருது."

அந்த வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. வீட்டுக்கு வந்தால் பொய்லர் செத்துக் கிடந்தது. அது தனக்கு நன்றாக வேண்டும் என்றே அவருக்குப் பட்டது.

ரஜீவன் கையைத் துடைத்தான்.

"நீங்கள் இன்னும் எவ்வளவு காலம் இந்த வீட்டில இருக்கிறதா உத்தேசம்? அதை வைச்சுத்தான் திருத்திறதோ மாத்திறதோ எண்டு சொல்லலாம்."

பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

கதவடியில் அவள் நின்றாள். கோட்டுக்குள்ளே ஒரு பிடி ஆள்.

"இவர் கோடையோட ஊருக்குப் போயிடுவார் தம்பி," என்றாள். "இந்தக் குளிருக்கு மட்டும் ஓடினாக் காணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குத்திச் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் அவர் கேட்டதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

இவர்.

போயிடுவார்.

முன்பெல்லாம் அது "போயிடுவம்" என்றே இருந்தது.

"புதுசைப் போடும்," என்றார் அவர். குரல் தேவைக்கு மேலே உரத்து வந்தது. "நான் ஒரு இடமும் போகேல்லை. இருக்கிறதுக்குள்ள நல்லதாப் போடும்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"கண் கெட்டாப்பிறகு சூரிய நமஸ்காரமோ?" என்றாள்.

இரண்டாம் நாள் புதுப் பொய்லர் சுவரில் ஏறியது. வெள்ளை வெளேரென்று, சத்தமே இல்லாமல். பழையது இருமுகிற இருமலுக்கு வீடு முழுக்க எழும்பும். இது ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

ஓடியது.

பொழுதுபடுமுன் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்துவிட்டது. அடைத்திருந்த சேலைத்துண்டுகூடச் சுட்டது.

அவள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பிறகு கம்பளிச் சட்டை. தை மாதத்தில் அவள் கைகளை அவர் இந்த வீட்டில் கண்டதே இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தன. எப்போது இப்படி ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் பெரிய வெட்கம்.

மாற்ற எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு காலைப்பொழுது. அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டு அவள் ரேடியேற்றர்ப் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் விசிறினாள்.

"இஞ்சருங்கோ, வெக்கையாக் கிடக்கு. கொஞ்சம் குறைச்சு விடுங்கோவன்."

அவர் எழுந்து நடைக்குப் போனார். குமிழுக்கு முன்னால் நின்றார்.

குறைத்தே பழகிய கை. இன்றைக்கு எழும்பமாட்டேன் என்றது.

திரும்பி வந்தார்.

"குறைச்சாச்சு," என்றார்.

அவள் எட்டி ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றும் சொல்லவில்லை.

கையை எடுக்கவும் இல்லை.